பதுளை மலைகளில் ஒரு கமராவோடு...

எங்கள் வாப்பா மவுத்தான பிறகு அவருடைய அலுமாரியை ஒழுங்கு செய்தபோது, தோல் உறை போட்ட பழைய யாஷிகா கமரா ஒன்று கிடைத்தது. சிறு வயதில் பெருநாள் தினங்களில் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்த அதே கமரா. பல வருடங்களாக யாரும் தொடவில்லை. உறையைக் கழற்றி லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் பின்னியது போல வெள்ளை வெள்ளையாக இழைகள் ஓடியிருந்தன. பதுளை நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நானா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு டோர்ச்சை லென்ஸின் பின்புறமாக அடித்துப் பார்த்துவிட்டு, "பூஞ்சணம் பிடிச்சிட்டு, தாத்தா. தோல் உறைக்குள்ள வெச்சீங்க தானே, அதுதான். தோல் ஈரத்தை இழுத்து வெச்சிருக்கும்" என்றார்.

கமரா பற்றி நான் கற்ற முதல் பாடம் அது. அலங்காரமான உறைதான் அதைக் கெடுத்தது.

அந்தக் கமராவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த என் மகளுக்குத்தான் ஆசை பற்றிக்கொண்டது. 2018 டிசம்பரில் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்தவள், "உம்மா, குருவி படம் பிடிக்க ஒரு கமரா" என்று ஆரம்பித்தாள். குருவியைப் படம் பிடித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "பாக்கப் போறேன்" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பது குறித்து நம்மவரிடையே வெவ்வேறு கருத்துகள் இருப்பதை அறிவேன். அந்த விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதுளை நகரைப் பார்த்திராத சகோதரிகளுக்காகச் சில வரிகள். கொழும்பிலிருந்து வரும் மலையகப் புகையிரதப் பாதை 1924இல் இங்கே வந்து முடிந்தது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம் வரை ஏறிய பாதை, அங்கிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று இறங்கி இறங்கிப் பதுளைக் கிண்ணத்துக்குள் விழுகிறது. சுற்றிலும் மலை. கிழக்கே நமுனுகுல, 2,036 மீற்றர். ஹப்புத்தளையில் ஸ்வெட்டர் போட்டுக் கொண்டு ஏறினால், பதுளையில் இறங்கும்போது அதைக் கழற்றிக் கையில் பிடித்திருப்போம். இந்த ஏற்ற இறக்கம் கமராவுக்கும் ஒரு சோதனை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நகரின் நடுவே சென்ட் மார்க்ஸ் என்ற பழைய தேவாலயம் ஒன்று உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையை நிர்வகித்த அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று பதுளையைச் சுற்றி எத்தனை மலை ஏறினாலும் ஒரு யானையைக் காண முடியாது. யானை பார்க்க மொனராகலைப் பக்கம் இறங்கிப் போக வேண்டும். காடு வெட்டிக் கோப்பியும் பின்பு தேயிலையும் நட்டதுதான் அதற்குப் பெரிய காரணம், துப்பாக்கி மட்டுமல்ல. ஆனாலும் அந்த வழியாகக் கமராப் பையோடு நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணிக்கை நினைவுக்கு வரும்.

கமரா வாங்கப் போன கதைக்கு வருவோம். என்னுடைய ஒரு சோடிக் காப்பை விற்ற பணம் கையில் இருந்தது. கொழும்பில் ஒரு கடையில் பெரிய கமராவைக் காட்டினார்கள். லென்ஸைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. பறவைக்கென்றால் 150 முதல் 600 மில்லிமீற்றர் லென்ஸ்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னார் கடைக்காரர். கையில் வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவை நெருங்கியது. கமராவையும் சேர்த்தால் ஒரு கைக்குழந்தையின் பாரம். விலையோ, என் இரண்டு கைக் காப்பையும் கழற்றினாலும் போதாது.

இந்த மில்லிமீற்றர் கணக்கைச் சகோதரிகள் விளங்கிக் கொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. நம் கண் காண்பது போலக் காட்டுவது சுமார் 50 மில்லிமீற்றர் லென்ஸ். 500 என்றால் அதைப்போலப் பத்து மடங்கு கிட்டக் கொண்டுவரும். கமராவுக்குள் படம் விழும் தகடான சென்சர் சிறியதாக இருந்தால் அதே லென்ஸ் இன்னும் கிட்டக் காட்டும். நடுத்தர சென்சர் உள்ள கமராவில் 300 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டால் 450 போல வேலை செய்யும். சென்சர் மிகச் சிறியதாக இருந்தால் சின்னஞ்சிறு லென்ஸே பெரிய தூரத்தை எட்டும். ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். சிறிய சென்சர் வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். படம் முழுவதும் ரவையைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாகிவிடும்.

நாங்கள் கடைசியில் வாங்கியது பாவித்த கமரா ஒன்று. நிகோன் கூல்பிக்ஸ் பி900. 2015இல் வெளிவந்தது. லென்ஸ் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. பெரிய கமராக் கணக்கில் 24 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை எட்டும். எடை 899 கிராம். வாங்குமுன் ஸ்டூடியோ நானா சொல்லித் தந்தபடி டோர்ச் அடித்து லென்ஸின் உள்ளே பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பரவாயில்லை. பாவித்த கமரா வாங்கும் எவரும் வெட்கப்படாமல் இதைச் செய்ய வேண்டும். தூசு இரண்டொன்று இருக்கலாம், நூல் இழை இருக்கக்கூடாது.

கமராவைவிட முதலில் ஒரு பைனாகுலர் வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. 8 x 32 அல்லது 8 x 42 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் அகலம். எட்டு மடங்கு போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருக்கும். பறவை எங்கே உட்காருகிறது, எதைத் தின்கிறது என்று பார்க்கப் பழகிய கண்தான் பிறகு படம் பிடிக்கும். பார்க்கத் தெரியாமல் கமரா வாங்கியவர்கள் நாங்கள்.

அதற்கான தண்டனை முதல் பயணத்திலேயே கிடைத்தது. 2019 பெப்ரவரியில் சுபஹ் தொழுத கையோடு வேனில் புறப்பட்டு ஹப்புத்தளைக்குப் போனோம். நகருக்கு மேற்கே சுமார் மூன்று கிலோமீற்றரில் அடிஷம் என்ற கல் மாளிகை இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பவர் 1931இல் கட்டியது, பிறகு கிறிஸ்தவத் துறவிகளின் மடமாயிற்று. அதன் பின்னால் தங்கமலைக் காடு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் முப்பதுக்கு மேல் உண்டென்றால், அவற்றில் மலைநாட்டுக்கு மட்டுமே உரிய சில இந்தக் குளிர்காட்டில் இருக்கின்றன. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் எங்களுக்கு முன்னாலேயே கிளைக்குக் கிளை தாவின. மகள் முழுத் தூரத்துக்கும் லென்ஸை நீட்டி இருநூறு படங்கள் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவில்லை. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் ஆட்டம்.

அன்றிரவு அவள் அழுதாள். காப்பு விற்ற பணம் என்பதால் அவளுக்கு அது இரட்டைப் பாரம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் அழுவாள்.

என்ன தவறு நடந்தது என்று மெல்ல மெல்ல விளங்கிற்று. லென்ஸை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு நம் கை நடுக்கமும் பெருகும். 500க்கு நீட்டினால் குறைந்தது 1/500 செக்கனில் படம் விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. கமராவுக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் கருவி ஓரளவு கை கொடுக்கும், ஆனால் அது நம் நடுக்கத்தைத்தான் தடுக்கும், குருவியின் தாவலைத் தடுக்காது. உட்கார்ந்திருக்கும் குருவிக்கே 1/500 நல்லது, பறப்பதற்கு 1/2000 வேண்டும். மூடுபனியில் அவ்வளவு வெளிச்சத்துக்கு எங்கே போவது? அதோடு எங்களுக்கும் குருவிக்கும் நடுவே பனி. இருபது மீற்றர் பனியைப் பெரிதாக்கினால் பெரிய பனிதான் கிடைக்கும். எந்த லென்ஸும் பனியை ஊடுருவாது. அருகில் போவதும் காத்திருப்பதும்தான் வழி.

இன்னொன்று. பனி வெள்ளையாக இருப்பதால் கமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானில் கூட்டல் குறி போட்டு 0.7 அல்லது 1 வைத்தால் குருவி கறுப்பு நிழலாக இல்லாமல் குருவியாகத் தெரியும். வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு நேர்மாறு. சுற்றியுள்ள இருண்ட பச்சையைப் பார்த்துக் கமரா கொக்கை வெளுத்து அடிக்கும், அங்கே கழித்தல் குறி. சோற்றுக்கு உப்புப் பார்ப்பது போல இதுவும் கைப் பக்குவம்தான்.

நடுக்கத்துக்கு முக்காலி வேண்டும் என்பார்கள். நாங்கள் ஒன்று வாங்கி இரண்டு முறை தூக்கிப் போய்விட்டு மூலையில் சாத்தி வைத்தோம். தேயிலைச் சரிவில் மூன்று காலும் ஒரே மட்டத்தில் நிற்க இடமே கிடையாது. வேனுக்குள் விரிக்கவும் முடியாது. அதற்குப் பதிலாக நான் தைத்துக் கொடுத்த பைதான் இன்றுவரை பாவனையில் இருக்கிறது. சகோதரிகள் ஒரு மாலை நேரத்தில் தைத்துவிடலாம். பழைய டெனிம் காற்சட்டையின் கால் பகுதியை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கத்தை இரட்டைத் தையல் போட்டு மூடி, மறு பக்கத்துக்கு ஸிப் வைத்தால் போதும். உள்ளே கௌபி அல்லது சிவப்பரிசி ஒன்றரைக் கிலோ. முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும், முழுதாக நிரப்பினால் தலையணை போல விறைத்துக் கமரா வழுக்கும். வேன் கதவின் கண்ணாடியை இறக்கி அதன் மேலே, பாதையோரக் கல் மதிலின் மேலே, பாறையின் மேலே எங்கும் வைத்து அதற்குள் லென்ஸைப் புதைத்துக் கொள்ளலாம். தூரப் பயணமென்றால் வெறும் பையைக் கொண்டுபோய், போன ஊரில் கௌபி வாங்கி நிரப்புவோம். திரும்பி வந்ததும் அதே கௌபி காலைச் சாப்பாடாகிவிடும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்தில் கமரா வைத்திருப்பவர்களுக்கு உண்மையான எதிரி திருடன் அல்ல, ஈரம். காற்று இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பொதிகள் சில. கமராவை உறையில்லாமல் அதற்குள் வைக்க வேண்டும். சிலர் அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம், அரிசித் தூசு பொத்தான் இடுக்கெல்லாம் புகுந்துவிடும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைத்தால், ஈரம் குடித்துவிட்டதைப் பார்வையிலேயே அறியலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையைச் சமையல் சட்டியில் போட்டு வறுக்கக் கூடாது, அந்த நிறச் சாயம் நஞ்சு. குளிர்ந்த ஹப்புத்தளையிலிருந்து வெக்கையான பதுளைக்கு இறங்கும்போது, கமராவை ஸிப் பைக்குள் போட்டு இறுக மூடிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் நீர்த்துளி பையின் வெளியே படிந்து காய்ந்திருக்கும், லென்ஸில் படியாது. லென்ஸைத் துப்பட்டா நுனியால் துடைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். முதலில் ரப்பர் பந்தால் காற்றடித்துத் தூசியை நீக்கி, பிறகே மென்மையான லென்ஸ் துணி.

இந்த டப்பா எங்கள் கமராவைக் காப்பாற்றிய காலம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு பல மாதங்கள் நாங்கள் அதை வெளியே எடுக்கவில்லை. தலையை மூடிய இரண்டு பெண்கள், தோளில் பை, கையில் தூரத்தைப் பார்க்கும் நீண்ட கமரா. நாங்கள் பார்ப்பது கொண்டைக்குருவியை என்று யாரிடம் போய் விளக்குவது? யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுமுன்பே நாங்கள் ஒடுங்கிக் கொண்டோம். மழைக்காலம் முழுவதும் கமரா டப்பாவுக்குள் கிடந்தது. வருடக் கடைசியில் எடுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

அதன் பிறகு முதலில் போன இடம் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. பதுளையிலிருந்து ஐந்து கிலோமீற்றரளவு, பிறகு காட்டு வழியாக ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. சுமார் 64 மீற்றர் உயரத்திலிருந்து பதுளு ஓயா விழுந்து தூவானமாகச் சிதறுகிறது. பார்வை மேடையில் நின்றால் இரண்டு நிமிடத்தில் லென்ஸ் நனைந்துவிடும். அதனால் எல்லோரும் நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சேரத் துடிக்க, நாங்கள் வழியிலேயே உட்கார்ந்து விட்டோம். தோட்டத்துப் பக்கத்தைவிட அங்கேதான் பறவை அதிகம். குரங்குகளிடம் மட்டும் கவனம் தேவை. ஸிப் திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வரும், பைக்குள் இருப்பது சாப்பாடா லென்ஸா என்பது அவற்றுக்குக் கவலையில்லை.

இனி எழுதப் போவது எழுத விருப்பமில்லாத பகுதி.

2020இல் கொரோனா ஊரடங்கு. வீட்டுக்குப் பின்னால் செம்பரத்தை வேலியில் சாதாரணக் கொண்டைக்குருவி ஒரு சோடி கூடு கட்டியது. சிரட்டை அளவு கூடு, மூன்று முட்டை. அடை காப்பது இரண்டு வாரம்தான். குஞ்சு பொரித்த பிறகு மகள் நாள் முழுதும் ஜன்னலடியில் கிடந்தாள். தாய்க்குருவி புழு கொண்டு வருவதைப் பிடிக்க வேண்டும், ஆனால் இரண்டு இலைகள் மறைக்கின்றன. "உம்மா, அந்த ரெண்டு இலையை மட்டும் வெட்டுவோமா?" என்றாள். கத்தரிக்கோலை எடுத்துப் போய் வெட்டியவள் நான். இரண்டு என்று போய் ஒரு சிறு கொப்பையே வெட்டினேன். அன்று பகல் முழுவதும் அருமையான படங்கள் கிடைத்தன. திறந்த சிவப்பு வாய்கள், தாயின் அலகில் பச்சைப் புழு. எங்கள் குடும்ப வட்சப்பில் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்று எழுதினார்கள்.

அடுத்த நாள் காலை கூடு வெறுமையாக இருந்தது. நாங்கள் திறந்து விட்ட வழியாகக் காகம் பார்த்திருக்கும், அல்லது செண்பகம். தாய்க்குருவி புழுவோடு வந்து கூட்டு விளிம்பில் நின்று நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்று நான்கு தடவை வந்தது. மகள் கமராவைத் தொடவில்லை. "அந்த இலை எங்களுக்கு மறைக்கல்ல உம்மா, காகத்துக்குத்தான் மறைச்சது" என்றாள். அந்தப் படங்களை அவள் அழித்துவிட்டாள். நான் ஒன்றை மட்டும் அழிக்க விடவில்லை. அதை யாருக்கும் காட்டியதுமில்லை.

கூட்டைப் படம் பிடிக்கவே கூடாது என்று இப்போது எங்கள் வீட்டில் சட்டம். பறவையின் குரலை ஒலிபரப்பி அழைப்பதும் இல்லை. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று அது தீனியை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடி வரும். நமக்குப் படம், அதற்கு வீண் அலைச்சல்.

பெண்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டென்பதை 2022இல்தான் கண்டுகொண்டேன். பெற்றோலுக்குக் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நின்ற காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எங்கும் போக முடியாது. வெளிச்சம் வந்த நேரத்தில் பற்றரிகளைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு குசினி ஜன்னலடியில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு நேரே நான் தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோலும் கொட்டும் குப்பைக் குழி. காய்ந்த சருகுக்குள் ஏதோ கிளறியது. ஆறுமணிக் குருவி! விடியற்காலையும் மாலை ஆறு மணியளவிலும் கூவுவதால் அந்தப் பெயர். வடக்கே இந்தியாவிலிருந்து ஐப்பசி வாக்கில் வந்து சித்திரைக்குள் திரும்பிவிடும் விருந்தாளி. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. இதைத் தேடிக் காட்டுக்குள் மணிக்கணக்காகக் கிடப்பவர்கள் உண்டு. எங்களுக்கோ ஐந்து மீற்றர் தூரத்தில். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் அதே உடுப்பில் வந்து குப்பை கொட்டிப் போகும் பெண்ணைப் பறவைகள் மரம் போலப் பழகிக் கொள்கின்றன. நாங்கள் செய்ததெல்லாம் ஜன்னலில் பழைய பெட்சீட் ஒன்றைக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை போட்டதுதான். 2,000 தேவைப்படவில்லை, 400 போதுமாயிற்று. அவள் எடுத்த படங்களில் இன்றும் ஆகச் சிறந்தது அதுதான்.

அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதில் கமரா விலைகளும் ஏறின. புதிதாக வாங்க நினைக்கும் சகோதரிகள் என்னைக் கேட்டால், முதலில் கையிலுள்ள தொலைபேசியையும் ஒரு பைனாகுலரையும் கொண்டு ஒரு வருடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள் என்பேன். பிறகும் ஆசை அடங்காவிட்டால், எங்களுடையதைப் போன்ற ஒட்டு லென்ஸ் கமரா. பிள்ளை இதையே தொழிலாகப் படிக்கப் போகிறதென்றால் மட்டும் கழற்றி மாட்டும் வகையில் பாவித்த ஒன்றும், 70 முதல் 300 வரையான லென்ஸ் ஒன்றும். புதிய கமராக்களில் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் மூடுபனிக்குள் அதுவும் திணறும்.

2023 பெப்ரவரியில் தம்பேதன்னத் தோட்டத்துக்கு மேலேயுள்ள லிப்டன் இருக்கைக்குப் போனோம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஏற வேண்டும். ஒன்பது மணிக்குள் போனால்தான் காட்சி, பிறகு பனி வந்து மூடிவிடும். திரும்பும் வழியில் வேறொரு தோட்டத்துப் பாதையில், மதிலின் மேல் பயற்றுப் பையை வைத்து ஒரு கீச்சானைக் குறிபார்த்துக் கொண்டிருந்தோம். கொழுந்து பறித்துக் கொண்டிருந்த அக்கா ஒருவர் சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டார். அவரைத்தான் பிடிக்கிறோம் என்று நினைத்துவிட்டார். எனக்குச் சுரீரென்றது. முகத்தைத் திருப்பும் அந்த அசைவு என்னுடையது. கடைவீதியில் யாராவது கமராவை நீட்டினால் நானும் அப்படித்தான் திரும்புவேன்.

"உங்கள இல்ல அக்கா, அந்தக் குருவியை" என்று மகள் கமராவைத் திருப்பித் திரையைக் காட்டினாள். அவர் கூடையோடு கிட்ட வந்து பார்த்தார். சிரித்தார். "எங்கள எத்தனையோ பேரு புடிச்சிட்டுப் போறாங்க பாப்பா. கூடைய இப்புடி வையி, சிரினு சொல்லுவாங்க. ஒரு ஆளு ஒரு படம் குடுத்ததில்ல" என்றார். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறிக்கிறாராம். அடையாள அட்டைப் படத்தையும் கல்யாணப் படத்தையும் தவிர வேறு படம் வீட்டில் இல்லையாம்.

ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற பெயரைச் சில சகோதரிகள் கேள்விப்பட்டிருக்கலாம். உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர். 48ஆவது வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கொடுத்த கமராதான் அவருக்கு முதல் கமரா. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் பிடித்துக் கழுவ வேண்டிய காலம். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம். இங்கே அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நிற்பவர்களுக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்று மட்டும்தான் தலைப்பு. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், அறிஞர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. தோட்ட மக்களின் முன்னோர் வந்து 200 வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்த அந்த 2023இல், மதிலருகே நின்றபடி எனக்கு அந்தத் தலைப்புதான் ஞாபகம் வந்தது.

"உங்கள ஒரு படம் பிடிச்சுத் தரவா அக்கா? எங்களுக்கு வேணாம், உங்களுக்குத்தான்" என்று மகள் கேட்டாள். அவர் யோசித்தார். பிறகு கூடையை இறக்கி வைத்தார். படங்குச் சாக்கை அவிழ்த்தார். முகத்தைத் துடைத்து, கூந்தலைத் தட்டி முடிந்து, கையைக் கட்டிக் கொண்டு நேராக நின்றார். "கூடை வேணாம்" என்றார்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போனோம். லயத்து அறைகளில் சுவர் ஈரம் என்பதால் படத்துக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டி, மூன்று பிரதி எடுத்துப் போயிருந்தோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரைக் கண்டோம். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நா இம்புட்டுக் கெழவியாயிட்டனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பிரதியை இரவிக்கைக்குள் செருகிக் கொண்டு, மற்ற இரண்டையும் கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கும் அவிசாவளையில் கட்டிக் கொடுத்த மகளுக்கும் என்று தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றினார்.

புறப்படும்போது மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, நாலாம் நம்பர் மலையில புலி நடமாட்டம் இருக்கு. தடத்தப் பாத்தோம். படம் புடிக்கணும்னா வா, காட்டுறேன்" என்றார். தோட்டத்தில் புலி என்றால் சிறுத்தை. 2020 மேயில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை மூன்று நாளில் செத்துப்போனதைப் பத்திரிகையில் பார்த்தவள் மகள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "படம் வேணாம் அக்கா. அந்தப் பக்கம் யாரும் பன்றிக்குக் கண்ணி கட்டினா மட்டும் கழட்டிப் போடச் சொல்லுங்க" என்றாள். அவர் தலையாட்டினார். "அது எங்க ஆளுகளுக்கும் ஆபத்துத்தானே" என்று சொல்லிவிட்டு, கூடையை நெற்றியில் மாட்டிக் கொண்டு மேலே ஏறினார்.

மதிலில் அதே கீச்சான் உட்கார்ந்திருந்தது. மகள் பையிலிருந்து கமராவை எடுத்தாள்.